உர பொட்டாஷை வீட்டில் சுத்தம் செய்து சமையலில் சேர்க்கலாமா?

கேள்வி கேட்டவர் அப்பாவின் ரத்த அழுத்தத்துக்காக சோடியம் குறைந்த உப்பு தேடுகிறார். கடையில் விலை அதிகம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகக் கலக்கும் பொட்டாசியம் குளோரைடுதானே உரக்கடை பொட்டாஷும், கரைத்து வடிகட்டினால் போதாதா என்கிறார்.

வேதியியலாக யோசனை சரிதான். கல்லூரியில் ஆய்வகம் நடத்தும் நான் இதை மாணவர்களுக்கே செய்து காட்டியிருக்கிறேன். 100 மி.லி. கொதிநீரில் சுமார் 56 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரையும்; 20 டிகிரிக்கு ஆறினால் 34 கிராம்தான் நிற்கும், மீதி படிகமாக இறங்கிவிடும். கூட இருக்கும் சாதா உப்போ சூட்டுக்கும் குளிருக்கும் பெரிதாக அசையாது, பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். பொட்டாஷ் ஆலைகளிலும் இந்த வித்தியாசத்தை வைத்துப் பிரிக்கும் முறை உண்டு.

சிவப்புப் பொட்டாஷைக் கரைத்து வடிகட்டினால் வடிதாளில் செங்காவி போல ஒரு சேறு நிற்கும். அது இரும்பு ஆக்சைடு. கீழே இறங்கும் நீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அப்புறம் வெள்ளை வெளேரென்று படிகம் வரும். என் கவலையே அந்த வெள்ளையில்தான். உரத்தில் கட்டி தட்டாமலிருக்க அமீன் வகைப் பொருட்களும், தூசி பறக்காமலிருக்க எண்ணெயும் பூசுவது வழக்கம். நான் செய்தபோது ஆறிய நீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மின்னியது. அதையாவது கண்ணால் பார்க்கலாம். ஆனால் குளோரைடைப் போலவே இருக்கும் புரோமைடு என்ற கலப்பு, குளோரைடின் இடத்தைப் பிடித்துக்கொண்டு படிகத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். எத்தனை முறை கரைத்து எடுத்தாலும் முழுசாகப் போகாது. ஈயம், ஆர்செனிக் எவ்வளவு மிச்சம் என்று நாக்குக்கும் தெரியாது, வடிதாளுக்கும் தெரியாது. உணவுத் தர உப்பில் இவற்றுக்கெல்லாம் வரம்பு உண்டு, அதைக் கருவியில் அளந்து பார்க்கிறார்கள். உர மூட்டையில் பொட்டாஷ் சத்து 60 சதவீதம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சாப்பிடுவார்கள் என்று நினைத்து யாரும் அதைத் தயாரிப்பதில்லை.

அதனால் வேண்டாம். அப்பாவுக்கு உணவுத் தரத்தில் வருவதையே வாங்குங்கள். சீனாவில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல விஷயத்தைத்தான் தேடுகிறீர்கள். ஆனால் வாங்கும் முன் டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ, பொட்டாசியத்தை ஏற்றும் பிரஷர் மாத்திரை சாப்பிட்டாலோ, எவ்வளவு சுத்தமான பொட்டாசியம் உப்பும் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.