ஸ்காட்லாந்து நாட்டுப்புற நடனத்தில் (Scottish country dance) முன்னின்று ஆடும் ஜோடி, தன் இரண்டாவது முறை முடிந்ததும் எங்கே நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாம் இடத்திலேயே நிற்காதீர்கள். அடுத்த முறைக்கான இசை தொடங்கும்போதே நான்காம் ஜோடிக்கு வெளிப்பக்கமாக நழுவி வரிசையின் கடைசிக்குப் போய்விடுங்கள். அவர்கள் ஓர் இடம் மேலே ஏறுவார்கள். பாரிஸில் நடந்த மாலை நேர நடன நிகழ்ச்சியில் எல்லோரும் உங்களைப் பார்த்துக் கையசைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கீழே போகச் சொல்லித்தான் அசைத்திருப்பார்கள், கோபத்தில் இல்லை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நான்கு ஜோடி வரிசையில் ஆடும் மூன்று ஜோடி நடனம். 32 பார் (bar, இசையின் தாள அளவு) கொண்ட ஒரு சுற்று 8 முறை வரும். ஒவ்வொரு ஜோடியும் அடுத்தடுத்து இரண்டு முறை முன்னின்று ஆடும்: முதலில் வரிசையின் உச்சியிலிருந்து, அதாவது முதல் இடத்திலிருந்து, பிறகு இரண்டாம் இடத்திலிருந்து. வகுப்பில் ஒரே ஒரு முறை ஆடிப் பழகியவர்களுக்கு இந்த நகர்வு கண்ணிலேயே பட்டிருக்காது.

வீட்டில் நான்கு டம்ளர்களை வைத்துப் பாருங்கள்:
1. தொடக்கம்: 1, 2, 3, 4
2. முதல் முறை முடிவில்: 2, 1, 3, 4
3. இரண்டாவது முடிவில்: 2, 3, 1, 4
4. நழுவியபின்: 2, 3, 4, 1

அப்புறம் மெட்டைக் கவனியுங்கள். இசைக்குழுவினர் பெரும்பாலும் ஒவ்வொரு முறைக்கும் மெட்டை மாற்றுவார்கள். நீங்கள் ஆடத் தொடங்கியபின் இரண்டாவது தடவை மெட்டு மாறினால் நகர வேண்டிய நேரம் அதுதான்.

ஆனால் நான்கு ஜோடிகளும் சேர்ந்து 4 முறை ஆடும் நடனங்களுக்கும் சதுர வரிசைக்கும் இது பொருந்தாது. ஆடும் முன் நடனத்தை வாய்விட்டுச் சொல்வார்களே, அப்போது எத்தனை ஜோடி, எத்தனை முறை என்ற இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள்.