பின்னாடி ஏரி இருந்தா அந்த ஓரமும் நம்மளுதா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார் வணக்கம். தாம்பரம் தாண்டி ஒரு லே-அவுட்ல 'லேக் வியூ'ன்னு சொல்லி பிளாட் வாங்கி வீடு கட்டி குடி வந்துட்டோம். காம்பவுண்டுக்குப் பின்னாடி ஏரிதான். எங்க வரிசைல முக்கால்வாசி பேரு பில்டிங் இடிச்ச கல்லு மண்ணெல்லாம் கொட்டி 40 அடி வரைக்கும் உள்ள போயி சுவர் கட்டி தோட்டம் போட்டுட்டாங்க. எங்க பக்கம் மண்ணு சரியுது, நாங்களும் ஒரு ரீடெய்னிங் வால் கட்டிக்கலாமா, யார்ட்ட பர்மிஷன் வாங்கணும்? பில்டர் கேட்டா "அது காஞ்சு கெடக்குற எடம்தானே, யாரும் கேக்க மாட்டாங்க"ங்கறாரு.
- வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: கட்டாதீங்கம்மா. உங்க பட்டா எல்லைக்குள்ள என்ன செய்யலாம்னு பின்னாடி சொல்றேன், ஆனா அந்த 40 அடி உங்களுது இல்ல, உங்க வரிசைல யாருதும் இல்ல, அதுக்கு பர்மிஷன் குடுக்கவும் ஆள் கிடையாது. பஞ்சாயத்து தலைவர் லெட்டர் குடுத்தாலும் செல்லாது.

பில்டர் சொன்ன "காஞ்சு கெடக்குற எடம்"ங்கற பேச்சுதான் பாதி ஏரிய தின்னுருக்கு. ஏரி எது வரைக்கும்னு இன்னிக்கு தண்ணி நிக்குற எடத்த பாத்து முடிவு பண்ண முடியாது. நம்ம ஏரியெல்லாம் ஒரு பக்கம் கரை போட்டு தேக்குனது, எதிர்பக்கம் சும்மா சாஞ்சுகிட்டே போயி நிலத்தோட கலந்துடும், இந்த உள்பரப்பதான் விவசாயிங்க ஏரி உள்வாய்னு சொல்லுவாங்க. எல்லைய சொல்றது கலங்கல், அதாவது ஏரி ரொம்புனா மிச்சத் தண்ணி வழிஞ்சு வெளிய போற எடம். ஏரி ரொம்பி கலங்கல்ல வழியற மட்டத்துல தண்ணி எதுவரைக்கும் பரவுதோ அதுவரைக்கும் ஏரிதான். சரிவு 100 அடிக்கு 1 அடின்னு வச்சுக்கங்க, தண்ணி 3 அடி எறங்குனா போதும் ஓரம் 300 அடி பின்னால போயிடும், சித்திரைல வந்து பாக்குறவனுக்கு அது மைதானம் மாதிரி தெரியும், ஐப்பசில நல்லா பேஞ்சா அதே தண்ணி அதே எடத்துக்கு திரும்ப வரும்.

கோர்ட்டும் இத சொல்லிருக்கு. 2001ல ஹிஞ்ச் லால் திவாரி வழக்குன்னு உத்தரப்பிரதேசத்துல ஒரு குளத்து நிலத்த வீட்டு மனைக்கு ஒதுக்குனாங்க, குளத்துல ஒரு பகுதி வத்திப்போச்சுன்னு காரணம் சொன்னாங்க, சுப்ரீம் கோர்ட் அத ஏத்துக்கல, காலி பண்ண 6 மாசம் டைம் குடுத்துச்சு. இங்க தமிழ்நாட்டுல ஏரி ஆக்கிரமிப்ப எடுக்கறதுக்குன்னே 2007ல தனி சட்டம் வந்துச்சு, அது பொதுப்பணித்துறை ஏரிங்களுக்கு, இப்ப நீர்வளத்துறை பாக்குது. "எங்க ஏரி ஊராட்சி ஏரி, அந்த சட்டம் எங்களுக்கு வராது"ன்னு சிலர் வாதம் பண்ணாங்க, 2015ல சென்னை ஹைகோர்ட் முழு அமர்வு அந்த சட்டத்துல வராத நீர்நிலைகளையும் காப்பாத்தியே ஆகணும்னு சொல்லிடுச்சு. அது போக 1905 நில ஆக்கிரமிப்பு சட்டம் எப்பவும் இருக்கு. அதனால "யாரும் கேக்க மாட்டாங்க"ங்கறது இன்னிக்கு வரைக்கும் கேக்கலங்கறது மட்டும்தான், நோட்டீஸ் வந்தா பில்டர் பக்கத்துல நிக்க மாட்டாரு.

நெறைய பேர் கேப்பாங்க, 40 அடி மண்ணு கொட்டுனா அவ்ளோ பெரிய ஏரில என்ன கொறஞ்சுடப் போகுதுன்னு. நேர்மையா சொல்றேன், ஒரு வீட்டுக்காரர் கொட்றதால கொள்ளளவு பெருசா கொறையாது, ஓரத்துல ஆழமே கம்மிதான். ஆனா ஏரில உசுரு இருக்குறதே அந்த ஆழமில்லாத ஓரத்துலதான். கோரை, சம்பு எல்லாம் அங்கதான் நிக்கும், தாழைக்கோழியும் முக்குளிப்பானும் அதுக்குள்ளதான் கூடு கட்டும். விரால் மீன் அந்த புல்லுக்குள்ளதான் முட்ட போடும். மழைக்கு அப்புறம் போயி பாருங்க, செவப்பா குட்டி குட்டியா விரால் குஞ்சுங்க கூட்டமா மேல வந்து மூச்சு வாங்கிட்டு எறங்கும், தாய் மீன் அடில காவல் நிக்கும். நீங்க சுவர் வச்சா அந்த எடமே இருக்காது, நேரா ஆழம்தான். இதுல எனக்கு அரசாங்கத்து மேலயும் வருத்தம் இருக்கு, அழகுபடுத்துறோம்னு சொல்லி ஏரிக்குள்ள சுத்தி மண்ண ஏத்தி வாக்கிங் டிராக் போடுறாங்க, அதுலயும் போறது இதே ஓரம்தான்.

இன்னொன்னு உங்க தெருவுக்கே வர ஆபத்து. முன்னாடி தெரு தண்ணி தானா வழிஞ்சு ஏரிக்கு போயிட்டிருந்துச்சு, இப்ப வீட்டு வரிசை பூரா சுவர் வச்சுட்டா அது எங்க போகும், பின்னாடி தெருக்காரங்க வீட்டுக்குள்ளதான் நிக்கும். பெருமழைல கலங்கல் மேலயே தண்ணி ரெண்டு மூணு அடி ஒசரம் போறப்ப பரப்பு இன்னும் பெருசாகும், 2015 டிசம்பர்ல புறநகர்ல பாத்தோமே. செங்குத்தான சுவர்ல அலை மோதி திரும்புறப்ப அடி மண்ண அரிக்கும், கொஞ்ச வருஷத்துல சுவர் சாயும், பக்கத்துல சுவர் இல்லாதவங்க மண்ணும் சேந்து போகும். உங்க பக்கம் மண்ணு சரியுதுன்னீங்களே, ரெண்டு பக்கமும் சுவர் இருக்கான்னு பாருங்க, அதனாலயே இருக்கலாம்.

இப்ப செய்ய வேண்டியது. இ-சர்வீசஸ் வெப்சைட்ல உங்க சர்வே நம்பர் போட்டு எஃப்.எம்.பி ஸ்கெட்ச் (நிலத்தோட அளவு வரைபடம்) எடுங்க, பக்கத்து சர்வே நம்பருக்கு ஏ-ரெஜிஸ்டர் (எந்த நிலம் என்ன வகைன்னு எழுதி வச்ச வருவாய்த்துறை பதிவேடு) பாருங்க, ஏரின்னு போட்டிருந்தா பேச்சே இல்ல. தாலுகா ஆபீஸ்ல பணம் கட்டி சர்வேயர வரவச்சு கல்லு நட்டுக்குங்க. அந்த கல்லுக்கு இந்தப் பக்கம், உங்க மண்ணுலயே, சரிவா மட்டம் பண்ணி நெருக்கமா வெட்டிவேர் நடுங்க, மழைக்கு முன்னாடி நட்டா வேர் புடிச்சு மண்ண நிறுத்திடும். வெளிய இருக்குற கோரைய மட்டும் வெட்டாதீங்க.

கேள்வி: ஏரிக்குள்ளயே தாத்தா பேர்ல பட்டா இருக்கு, வரி கட்டறோம். சொந்த எடத்துல மண்ணு கொட்ட என்ன தடை?
- வாசகர், காஞ்சிபுரம்

பதில்: நீர்ப்பிடிப்புக்குள்ள பட்டா இருக்குறது பழைய ஏரிங்கள்ல உண்டு, தண்ணி வத்துனா பயிர் வைப்பாங்க, ரொம்புனா முழுகும், அப்படித்தான் நடந்துட்டு வந்துருக்கு. பட்டா இருக்குங்கறதுக்காக தண்ணி வர எடத்த ஒசத்த முடியாது. நிலம் உங்களுதாவே இருக்கலாம், அதுல தேங்குற தண்ணி கீழ ஆயக்கட்டுக்காரங்களுது, அதாவது அந்த ஏரித் தண்ணில பாசனம் பண்றவங்களுது. மண்ணு கொட்டிட்டு கேஸுக்கு அலையறத விட, அந்த பட்டா எந்த வருஷம் எதுக்கு குடுத்ததுன்னு தாலுகா ஆபீஸ்ல பழைய ரெக்கார்ட எடுத்து ஒரு நல்ல வக்கீல்ட்ட காட்டுங்க.

கேள்வி: எங்க ஊர் ஏரில ஒரு ரிசார்ட்காரங்க ராத்திரில லாரி லாரியா மண்ணு கொட்றாங்க. சொன்னா பகை, சொல்லலன்னா ஏரி போயிடும். என்ன பண்றது?
- பேர் வேண்டாம்

பதில்: தனியா போகாதீங்க. ஏரில பாசனம் பண்றவங்க, மீன் குத்தகை எடுத்தவங்க, ஆடு மாடு மேய்க்கிறவங்கன்னு பாதிக்கப்படுறவங்க பத்து பேராவது கையெழுத்து போட்டு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க, மனு நம்பர் வாங்காம வராதீங்க. அதே மனுவ தாசில்தாருக்கும் நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்கும் பதிவுத் தபால்ல அனுப்பிடுங்க, முதல்வர் உதவி எண் 1100லயும் பதிஞ்சு வைங்க. லாரிய மறிக்கிறது, டிரைவர்ட்ட சண்டை போடுறது எதுவும் வேண்டாம், தேதி தெரியற மாதிரி போட்டோ இருந்தா போதும், அதுவும் பகல்ல, மண்ணு எதுவரைக்கும் வந்துருக்குன்னு தெரியணும், கலங்கலோ மதகோ ஃபிரேம்ல வந்தா எந்த எடம்னு மறுக்க முடியாது. ஆர்.டி.ஐ போட்டு அந்த ஏரியோட எல்லை அளவு, எப்ப கடைசியா சர்வே பண்ணாங்கன்னு கேளுங்க. ஒண்ணுமே நடக்கலன்னா பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு சென்னைலயே இருக்கு, ஆனா பிரச்சனை ஆரம்பிச்ச நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள போகணும், அதனால மொத லாரி வந்த தேதிய இன்னிக்கே எழுதி வச்சுக்கங்க.