வாங்குமுன் கேளுங்கள்: சிகாருக்கு எந்த போர்ட் ஒயின்?

கேள்வி: அலுவலக வேலையாக அக்டோபரில் போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குப் போகிறேன். என் மைத்துனருக்கு ஐம்பது வயது நிறைகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு சிகார் பிடிப்பது அவர் வழக்கம். அதோடு அருந்த போர்ட் ஒயின் வாங்கித் தரலாம் என்று விலைப்பட்டியலைப் பார்த்தால் ரூபி, டோனி, எல்.பி.வி., விண்டேஜ், கொல்யெய்ட்டா என்று தலை சுற்றுகிறது. இருப்பதிலேயே விலை கூடிய விண்டேஜை வாங்கிவிடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: வேண்டாம். விண்டேஜ் மட்டமானது என்பதால் அல்ல, சிகாரோடு சேர்ந்தால் அந்தப் பணம் புகையோடு போய்விடும் என்பதால் சொல்கிறேன்.

போர்ட் எல்லாமே டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சைதான். சாறு பாதி நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட் செத்துப்போகும், மிச்சமிருக்கும் சர்க்கரை அப்படியே நிற்கும். அதனால்தான் போர்ட் இனிப்பாகவும், சாதாரண ஒயினைவிடக் கடுமையாகவும், ஏறக்குறைய 20 சதவீத ஆல்கஹாலோடும் இருக்கிறது. இதுவரை எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதன்பின் எங்கே வளர்கிறது என்பதில்தான் குணம் பிரிகிறது.

விண்டேஜ் போர்ட் ஒரே ஆண்டு அறுவடையில் செய்தது; இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் பாட்டிலில் அடைபட்டு, அங்கேயே பல பத்தாண்டுகள் முதிர்கிறது. காற்றுப் படாத முதிர்ச்சி. பழ வாசமும் பூ வாசமும் நுணுக்கமாக வரும். டோனி வளர்வது மரப் பீப்பாயில். 550 லிட்டர் அளவுள்ள பீப்பாயின் மர இடுக்கு வழியே காற்று மெல்ல உள்ளே போய், சிவப்பு நிறம் வெளிறிச் செங்கல் நிறமாகிறது. வால்நட், உலர்ந்த அத்தி, கருக்கிய சர்க்கரை, ஆரஞ்சுத் தோல் என்று சுவை திரும்பிவிடுகிறது. சிகாரும் புளிக்கவைத்துப் பதப்படுத்திய இலைதானே. அதன் புகையில் வருவதும் மரம், கோகோ, காப்பி, தோல் வாசம்தான். டோனியும் சிகாரும் சொந்தக்காரர்கள் மாதிரிப் பேசிக்கொள்ளும். முதிர்ந்த விண்டேஜை அங்கே கொண்டுபோய் வைப்பது, வீணைக் கச்சேரிக்குப் பக்கத்தில் தவில் வாசிப்பது போலத்தான்.

நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. முதிர்ந்த விண்டேஜைத் திறந்தால் வண்டலை வடித்து இரண்டு நாளில் முடித்தாக வேண்டும். வாரத்துக்கு ஒரு சிகார் பிடிக்கும் மனிதர் அதற்கு ஊரைத்தான் கூட்ட வேண்டும். டோனியோ, மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரை பழுதில்லாமல் நிற்கும். அரை மணி வெளியே வைத்துவிட்டு, லேசான குளிர்ச்சியோடு பருகச் சொல்லுங்கள்.

சரி, எந்த டோனி? போகுமுன் மைத்துனரின் சிகார் பெட்டியைத் திறந்து மேலிலையின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பான கனெக்டிகட் இலை என்றால் 10 ஆண்டு டோனி போதும். நடுத்தரப் பழுப்பு என்றால் 20 ஆண்டு. விலை ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் வித்தியாசம் நாக்கில் தெரியும். கறுத்துப் பளபளக்கும் மடூரோ இலை என்றால் டோனியை விட்டுவிட்டு எல்.பி.வி. (லேட் பாட்டில்ட் விண்டேஜ்) வாங்குங்கள். அது ஒரே அறுவடையைச் சேர்ந்தது. நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கழித்துப் பாட்டிலில் அடைத்தது. அதன் கறுத்த பழச்சுவைக்கு மடூரோ ஈடுகொடுக்கும். 30, 40 ஆண்டு டோனிகள் அருமையானவைதான். அவற்றைச் சிகார் இல்லாத நாளில் குடிக்கட்டும்.

கடையில் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். ‘20 ஆண்டு’ என்றால் ஒவ்வொரு துளிக்கும் இருபது வயது என்று பொருளல்ல. அது பல ஆண்டு ஒயின்களின் கலவை. அந்த வயதுக்குரிய குணம் இருக்கிறது என்று போர்ட் ஒயின் வாரியத்தின் சுவைக்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், ‘எங்கராஃபாடோ’ என்ற சொல்லும் பக்கத்தில் உள்ள ஆண்டும். பாட்டிலில் அடைத்த ஆண்டு அது. டோனி பாட்டிலுக்குள் வளராது, மெல்ல வாடத்தான் செய்யும். ஒருமுறை நான் தள்ளுபடி விலையைக் கண்டு மயங்கி, கடை அலமாரியின் உச்சியில் விளக்குக்கு நேர் கீழே நின்றிருந்த பாட்டிலை வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தபின்தான் ஆண்டைப் பார்த்தேன்: அடைத்து ஒன்பது ஆண்டு. வால்நட் வாசத்துக்குப் பதில் நமுத்த பிஸ்கட் வாசம்.

இன்னொரு பொறி கொல்யெய்ட்டா. சீட்டில் ஒற்றை ஆண்டு அச்சாகியிருப்பதால் விண்டேஜ் என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அது ஒரே அறுவடையின் டோனி. குறைந்தது ஏழு ஆண்டு பீப்பாயில் இருந்தது. பல ஆண்டுகள் பீப்பாயிலேயே விட்டுச் சமீபத்தில் அடைத்ததும் கிடைக்கும். மைத்துனர் பிறந்த ஆண்டின் கொல்யெய்ட்டா உங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால், மேலே சொன்ன 10, 20 எல்லாவற்றையும் மறந்துவிட்டு அதையே வாங்குங்கள்.

போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் விலா நோவா டி காயா என்ற ஊரில்தான் பழைய நிறுவனங்களின் கிடங்குகள் இருக்கின்றன. அங்கே சின்னக் கிண்ணங்களில் ருசி பார்த்துவிட்டு வாங்கலாம். அசல் போர்ட் என்பதற்கு அடையாளமாகப் பாட்டில் கழுத்தில் எண்ணிட்ட முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியச் சுங்க விதிப்படி ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு கொண்டுவரலாம். துணிக்குள் சுற்றி, விமானத்தில் பதிவு செய்யும் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: விண்டேஜ் போர்ட் வாங்கிப் பாதி குடித்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்தால் சப்பென்று இருக்கிறது. கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார்.

பதில்: கடைக்காரர் பக்கம்தான் நியாயம். திறந்த உடனேயே நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்திருந்தால் தக்கைக் கோளாறு. அப்போதே மிச்சத்தோடு கொண்டுபோய்க் கேட்டிருக்கலாம்.

கேள்வி: சிகார் புகையை நான் உள்ளே இழுப்பதில்லை. ஆகவே ஆபத்தில்லை என்கிறார் நண்பர்.

பதில்: தவறு. வாய்க்கும் தொண்டைக்கும் புகை போகத்தான் செய்கிறது. கூடவே மதுவும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு கூடுகிறது. இந்தப் பகுதியில் எதை வாங்கலாம் என்றுதான் எழுதுகிறேன். இது நல்லது என்று எழுதவில்லை.

கேள்வி: போர்ட்டைவிட ஸ்பெயினின் ஷெர்ரி, போர்ச்சுகலின் மதேராத் தீவு ஒயின் மேல் என்கிறார்களே?

பதில்: சென்னை வெயிலில் குளிர்பெட்டியில் இடமில்லாத வீட்டுக்கு மதேராவையே சொல்வேன். வெப்ப மண்டலக் கடல்களைக் கடந்த கப்பல்களின் அடித்தளத்தில் வெந்து திரும்பிய பீப்பாய்களில் ருசி கூடியிருந்ததைக் கண்டு, பிறகு வேண்டுமென்றே சூடாக்கித் தயாரிக்கப் பழகிய ஒயின் அது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மதராஸ் வெள்ளைக்காரர்களின் மேசையிலும் இருந்தது. திறந்த பாட்டில் மாதக்கணக்கில் கெடாது. சீட்டில் திராட்சையின் பெயர் இருக்கும்: செர்சியால், வெர்டெல்யோ, போவால், மால்ம்சி. இதே வரிசையில் இனிப்பு ஏறும். சிகாருக்குப் போவால் வாங்குங்கள். அதன் புளிப்பு, புகை உலர்த்திய நாக்கை நனைத்துக்கொடுக்கும்.

ஷெர்ரியில் வெளிறிய, லேசான ஃபினோ வகை வேண்டாம், புகைக்கு முன் நிற்காது. கறுத்த ஒலொரோசோ வகை நன்றாகப் பொருந்தும். ஆனால் கறுத்த நிறத்தைப் பார்த்து இனிக்கும் என்று வாங்கி ஏமாறாதீர்கள், அசல் ஒலொரோசோ இனிக்காது. பெட்ரோ ஹிமெனெஸ் என்ற வகை வெல்லப்பாகேதான்; லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை. கறுப்புச் சிகாரோடு ஒரு மடக்கு, அதற்குமேல் திகட்டும்.

கேள்வி: திருச்சிச் சுருட்டுக்கு போர்ட் பொருந்துமா? சிகாரைப் போர்ட்டில் நனைத்துப் பிடித்தால் சுவை கூடுமாமே? கோவாவில் மலிவாக போர்ட் கிடைக்கிறது, அது போதுமா? (உறையூர் வாசகர்)

பதில்: உறையூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. ஆங்கிலேயர் சொல்லும் ‘செரூட்’ நம் ‘சுருட்டு’தான். இரு முனையும் வெட்டிய சுருட்டு, காரமானது. 20 ஆண்டு டோனியை அதனோடு வீணாக்க வேண்டாம். இனிப்பும் பழச்சுவையும் தூக்கலான ரூபி ரிசர்வ் போதும். நனைக்காதீர்கள். இலை ஊறி, புகை இழுபடாமல் அணைந்துபோகும். கோவாவில் போர்ட் என்று விற்பது உள்ளூர் இனிப்புச் சிவப்பு ஒயின். டோருவுக்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான் பொது. சீட்டில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள், 19 சதவீதத்தை எட்டாது. வறுத்த மீனோடு குடியுங்கள், சுருட்டுக்கு வேண்டாம்.