1945-க்குப் பிறகு ஜான்சன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானி ஜானி ஜான்சனைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 34 ஜெர்மானிய விமானங்களைத் தனியாளாகச் சுட்டு வீழ்த்தியவர் என்று சொல்லி 1945-இல் நிறுத்திவிட்டீர்கள். அப்போது அவருக்கு வயது முப்பதுதானே? நான் திருச்சியில் கட்டட ஒப்பந்தக்காரன். என் மாமனார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதும் என்னோடு சைட் மேற்பார்வைக்கு வந்துவிட்டார். போர்முனை பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார். எந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமென்ட் போனது என்று கேட்டால் பத்து வருஷக் கணக்கும் நாக்கு நுனியில் இருக்கும். அதனால்தான் கேட்கிறேன், ஜான்சன் பிறகு என்ன செய்தார்? கொல்வதில் அவ்வளவு தேர்ந்த ஒருவர் சாதாரண வாழ்க்கைக்குத் திரும்ப முடிந்ததா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கட்டுரையை 1945-இல் நிறுத்தியது என் பிழைதான். ஆனால் உங்களுக்குப் பதில் சொல்ல நான் முதலில் 1938-க்குப் போக வேண்டியிருக்கிறது.

ஜான்சன் உங்கள் தொழில்காரர். லெஸ்டர்ஷயரில் ஒரு காவல் அதிகாரியின் மகனாக 1915-இல் பிறந்தார். நாட்டிங்காமில் சிவில் இன்ஜினியரிங் படித்து 1938-இல் தேறினார். மெல்டன் மௌப்ரேயில் சர்வேயராக இருந்துவிட்டு, எசெக்ஸ் பக்கம் ஒரு நகர மன்றத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். பறக்கக் கற்றது சொந்தக் காசில். விமானப்படை முதலில் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. போர் நெருங்கிய பிறகே கூப்பிட்டார்கள். விமானி பிற்பாடு கட்டுநர் ஆனார் என்று சொல்வதைவிட, ஒரு பொறியாளரைப் போர் இடையில் கடன் வாங்கிக்கொண்டது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தக் கடனும் எளிதில் கைமாறவில்லை. ரக்பி ஆட்டத்தில் அவருடைய காறை எலும்பு உடைந்து, சரியாகக் கூடாமல் போயிருந்தது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இருக்கைப் பட்டை தோளை அழுத்தும்போதெல்லாம் வலி. வலது கை விரல்களில் உணர்ச்சி மங்கிவிடும். தோளில் கம்பளிப் பஞ்சை வைத்து ஒட்டுநாடா போட்டுக்கொண்டு பறந்து பார்த்தார். கடைசியில் மேலதிகாரிக்குத் தெரிந்துபோனது. சிறு விமானங்களில் பயிற்சியாளராகப் போகிறாயா, அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறாயா என்று கேட்டார்கள். கத்திக்குச் சம்மதித்தார். அதனால் 1940-இன் பிரிட்டன் வான்போரில் பெரும்பகுதி அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. அந்த 34 விமானங்களும் அதற்குப் பிறகு வீழ்ந்தவை. முதலாவது 1941 ஜூனில், கடைசி 1944 செப்டம்பரில்.

சிறு வயதிலிருந்தே அவர் பறவை வேட்டைக்காரர். பறக்கும் வாத்தைச் சுட, அது இருக்கும் இடத்தைக் குறிவைக்கக் கூடாது. குண்டு போய்ச் சேரும் நேரத்தில் அது எங்கே இருக்குமோ அங்கே வைக்க வேண்டும். வேகம், கோணம், தூரம் மூன்றையும் ஒரு கணத்தில் மனக்கணக்காகப் போடும் இந்தப் பழக்கமே வானத்தில் கைகொடுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் வாத்தைப் போல் அல்ல, அந்த விமானங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் இருந்தார். சிலர் பாராசூட்டில் குதித்தார்கள், சிலர் குதிக்கவில்லை. இதைப் பழைய கட்டுரையிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

1944 ஜூனில், பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய சில நாட்களிலேயே, அவர் தலைமை தாங்கிய கனடிய ஸ்பிட்ஃபயர் அணி அங்கே தரையிறங்கியது. பொறியாளர்கள் வயலைச் சமப்படுத்தி அவசர அவசரமாக அமைத்த ஓடுதளம் அது. நான்கு நாள் முன்பு வரை வெறும் வயலாக இருந்த நிலத்தில் சக்கரம் படும்போது, ஒரு சிவில் இன்ஜினியரின் கண் முதலில் எதைப் பார்த்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குண்டு மாட்டும் கொக்கியில் பீர்ப் பீப்பாயை மாட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாய்க் கடலைக் கடந்து வந்ததும் இந்த அணிதான்.

போருக்குப் பிறகும் விமானப்படையிலேயே இருந்தார். கொரியப் போரில் அமெரிக்கர்களோடு பறந்தார். 1966-இல் ஏர் வைஸ் மார்ஷல் என்ற உயர் பதவியில் ஓய்வு பெற்றார். போர்க்காலத்திலேயே, 1942 நவம்பரில், போலா இங்கேட்டை மணந்திருந்தார். இரண்டு மகன்கள். உங்கள் மாமனாரைப் போல வாய்மூடி இருந்தவர் அல்ல. போரைப் பற்றி எழுதினார், மேடைகளில் பேசினார்.

1969-இல் தன் பெயரிலேயே ஒரு வீட்டுவசதி அறக்கட்டளை தொடங்கினார். முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் வீடுகள். அவர் காலத்திலேயே அது ஆயிரக்கணக்கில் பெருகியது. அப்படிப்பட்ட வீட்டில் வாசலில் ஒரு படி கூடிவிட்டால் உள்ளே இருப்பவர் வெளியே வரமாட்டார். கதவு நான்கு அங்குலம் குறுகினால் சக்கர நாற்காலி நிலையில் இடிக்கும். குளியலறைக் கைப்பிடிக் கம்பி ஒரு சாண் தள்ளிப் போய்விட்டால், வழுக்கும்போது கைக்கு எட்டாது. இதெல்லாம் உங்களுக்கு அன்றாடம். 34 என்ற எண்ணை மனப்பாடமாக வைத்திருந்த நான் இந்த வீடுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது உறுத்துகிறது.

2001 ஜனவரி 30-ஆம் தேதி, 85 வயதில், புற்றுநோயால் இறந்தார். சாம்பலை டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் பண்ணை நிலத்தில் தூவினார்கள். அங்கே ஆற்றோரம் தூண்டில் போட்டு உட்காருவது அவருக்குப் பிடிக்கும். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் பதவி, பதக்கம், எண்ணிக்கை எதுவும் கிடையாது. ‘மீன் பிடிக்க வந்த ஒருவரின் நினைவாக’ என்ற பொருளில் ஒரே வரி.

கட்டுரையின் கடைசிப் பத்தியை நேற்றிரவு மாற்றி எழுதிவிட்டேன். மாமனாருக்குப் படித்துக் காட்டுங்கள். முதியோர் வீடுகளைப் பற்றிய பகுதியில் தவறு ஏதும் இருந்தால் அவரே சொல்லட்டும், திருத்திக்கொள்கிறேன்.