காசநோய்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணனுக்கு நுரையீரல் டிபி. தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டோம். போதுமா டாக்டர்?

தட்டையும் டம்ளரையும் பிரிக்கவே வேண்டாம். இந்த நோய் காற்றில் பரவுவது. அவர் இருமும்போது, தும்மும்போது, பேசும்போதுகூட நுண்துளிகள் வெளியேறும். பெரியவை கீழே விழுந்துவிடும். 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவைதான் ஆபத்து. அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் காற்றுப்பை வரை போய்விடும். அதனால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அண்ணன் முகக்கவசம் போடட்டும். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சின்னக் குழந்தை இருந்தால் முதலில் அதற்கு. தயவுசெய்து அவரை ஒதுக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: கிருமி உள்ளே போனால் நோய் வந்தே தீருமா?

இல்லை. உலகில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் இந்தக் கிருமி புகுந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும்.

உள்ளே நடப்பது இதுதான். காற்றுப்பையில் காவல் இருக்கும் வெள்ளையணு கிருமியை விழுங்கிவிடும். விழுங்கியதைச் செரித்துக் கொல்ல வேண்டும். ஆனால் காசநோய்க் கிருமி அந்தச் செரிமானத்தையே தடுத்து, அந்த அணுவுக்குள்ளேயே பெருகும். உடனே மேலும் பல அணுக்கள் வந்து சுற்றி வளைக்க, ஒரு சிறு முடிச்சு உருவாகும். அதற்குள் கிருமி ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கலாம். அதுவரை இருமலும் இல்லை, பிறருக்குப் பரவவும் செய்யாது.

எச்.ஐ.வி., கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், சத்துக்குறைவு, புகைப்பழக்கம் இவற்றால் எதிர்ப்புச் சக்தி சரியும்போது முடிச்சு உடையும். அதன் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல இளகி, மூச்சுக்குழாய் வழியே வெளியேற, அந்த இடத்தில் குழி விழும். குழிக்குள் ஆக்சிஜன் தாராளம் என்பதால் கிருமி கோடிக்கணக்கில் பெருகிச் சளியோடு வெளிவரும். குழியின் ஓரத்து ரத்தக்குழாய் அரித்தால் சளியில் ரத்தம் வரும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இறக்கம் எல்லாம் இந்தப் போராட்டத்தில் உடல் சுரக்கும் வேதிப்பொருட்களின் விளைவுகள்.

கேள்வி: எனக்கு இருமலே இல்லை. கழுத்தில் நெறிகட்டியதை டிபி என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். ரத்தம், நிணநீர் வழியாக அது முதுகெலும்பு, சிறுநீரகம், குடல், மூளையுறை என்று எங்கும் போகும். நுரையீரலிலும் தொண்டையிலும் இல்லாதவரை பொதுவாகப் பிறருக்குத் தொற்றாது.

கேள்வி: இரண்டு மாத மாத்திரையில் இருமல் நின்று, எடையும் ஏறிவிட்டது. நிறுத்தலாமா?

கூடவே கூடாது. பல பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். சில கிருமிகள் பெருகாமலே பதுங்கியிருக்கும். மருந்து அவற்றை மெதுவாகத்தான் கொல்லும். வழக்கமான சிகிச்சை 6 மாதம் நீள்வது அதனால்தான். பாதியில் விட்டால் மிச்சமிருப்பவை மீண்டும் பெருகும், முக்கிய காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியாசிடுக்கும் அடங்காதவையாகவும் மாறலாம். அப்புறம் வைத்தியம் கடினம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயம் வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.