தாழ்வாரத் தோட்டம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. ஜூன், ஜூலையில் மிளகாய் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. தீபாவளி நெருங்கியதும் பூவெல்லாம் உதிர்ந்து, செடி நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிறது. எலும்புத்தூள், மீன் உரம் எல்லாம் போட்டாயிற்று. என்ன குறை, அக்கா? – செங்காங் வாசகி

பதில்: முதலில் உரப்பையைக் கட்டி வையுங்கள், தங்கச்சி. உங்கள் தாழ்வாரத்தை விட்டு வெயில் போய்விட்டது, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகையும் சொச்சமும்தான் வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம்வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகப் போகும். மீதி நாளெல்லாம் தெற்குப் பக்கம். சென்னையிலோ அது வடக்கே சாய்வது வருஷத்தில் நான்கு மாதம்கூடத் தேறாது. ஊரில் தோட்டம் போட்டுப் பழகியவர்கள் வடக்குப் பார்த்த வீடு என்றதும் உதட்டைப் பிதுக்குவது அதனால்தான். இங்கே அந்தக் கணக்குச் செல்லாது. உங்களுக்கு அரை வருஷம் வெயில் உண்டு, அரை வருஷம் இல்லை. போதாக்குறைக்கு இப்போது பருவமழை மேகம் வேறு.

மிளகாய், வெண்டை, கத்திரி என்று காய்க்கிற எதுவும் ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் கேட்கும். வெளிச்சத்தைப் பார்த்து வெயில் என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். தொட்டி வைக்கும் இடத்தில் காலை, மதியம், மாலை என்று கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாக நிழல் பிரிந்து விழுந்தால் வெயில். மங்கலாக ஒரு கறை மட்டும் தெரிந்தால் அது கீரைக்கே பற்றாது.

செடியைப் பாதியாக வெட்டிவிட்டு, தண்ணீரையும் குறையுங்கள். பிப்ரவரியில் புது விதை போட்டு, வீட்டுக்குள் வெயில் விழும் ஜன்னலோரம் வளர்த்தால், ஏப்ரலில் வெயில் திரும்பும்போது நாற்று தயாராக நிற்கும். அதுவரை தாழ்வாரத்தில் புதினா, ஓமவல்லி, வல்லாரை, பாண்டான் வையுங்கள். இவை கொஞ்சம் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவர் வெளிச்சத்தை மறைத்தால் தொட்டியை உட்பக்கம் ஒரு முக்காலிமேல் ஏற்றலாம். சுவரின் மேல் மட்டும் வேண்டவே வேண்டாம். கீழே ஆள் நடக்கிறார்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்த மாமியார் வாளியில் முருங்கைக் கொம்பு நட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வழி மறிக்கிறது என்கிறார். எடுக்கச் சொன்னால் மாமியாருக்குக் கோபம் வரும். – ஈசூன் வாசகர்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று அளவுநாடா சொல்லட்டும். தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தீ விபத்து என்றால் படுக்கையோடு ஆளைத் தூக்கிப் போகும் வழி அது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சட்டம் என்று ஆரம்பிக்காமல்.

இடம் இருந்தால் முருங்கை இருக்கட்டும். ஆனால் காய்க்கு ஆசைப்பட வேண்டாம். இடுப்பளவுக்கு மேல் போகவிடாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் கீரைக்கு ஆகும். மரமாகத்தான் வளர வேண்டும் என்றால் உங்கள் வட்டாரத்துச் சமூகத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே யாராவது ஒரு தாத்தா கறிவேப்பிலைக்கு நடுவே முருங்கையும் வைத்திருப்பார். மாமியாருக்குப் பேச்சுத் துணையும் ஆயிற்று.

கேள்வி: கொத்தமல்லி முளைக்கிறது, கொஞ்ச நாளில் தண்டு நீண்டு பூத்துவிடுகிறது. – தெம்பனிஸ் வாசகி

பதில்: நம் சூடு அதற்கு ஆகாது. தனியாவை இரண்டாக உடைத்து நெருக்கமாகத் தூவி, விரல் நீளம் வந்ததும் அறுத்துவிடுங்கள். தட்டுத் தட்டாகக் கிடைக்காது, ரசத்துக்கு ஆகும். அதே வாசனை வேண்டுமென்றால், விளிம்பில் ரம்பப்பல் போல் இருக்கும் நீட்டு இலைக் கொத்தமல்லியைத் தேடுங்கள். தாய்லாந்துச் சமையலில் போடுவார்கள். நிழலில் வைத்தால் பூக்கவும் அவசரப்படாது. முள் பூத்தண்டு தலைகாட்டினால் உடனே வெட்டிவிடுங்கள்.

கேள்வி: டெங்கிச் சோதனைக்கு வந்தவர்கள் தொட்டித் தட்டைப் பார்த்து எச்சரித்தார்கள். தினமும் தண்ணீரைக் கொட்டினால் போதாதா? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். மேல்மண் இறுகிக் கிடந்தாலும் ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கும். ஒரு பழைய முள்கரண்டியால் கிளறிவிடுங்கள். என்னைக் கேட்டால் தட்டே வேண்டாம். ஊற்றுகிற நேரம் மட்டும் ஒரு பேசினை அடியில் வைத்து, வடிந்ததும் எடுத்துவிடுங்கள்.