கை கழுவுற சிங்க்ல ஜூஸ் ஊத்தலாமா?

கேள்வி: அம்மா பன்னெண்டு நாளா ஐசியூல இருக்காங்க. நேத்து அவங்க குடிச்சு மிச்சம் வச்ச ஜூஸை அங்க இருந்த கை கழுவுற சிங்க்ல ஊத்தப் போனேன், நர்ஸ் ஓடி வந்து தடுத்துட்டாங்க. ஒரு வாய் ஜூஸ்ல என்ன ஆயிடப் போகுது? எல்லார் முன்னாடியும் சொன்னதுல மனசு கஷ்டமாயிடுச்சு.

பதில்: உங்க வருத்தம் புரியுது, ஆனா அந்த நர்ஸ் செஞ்சது உங்க அம்மாவுக்காகத்தாங்க. சிங்க்குக்குக் கீழ வளைஞ்ச குழாய் ஒண்ணு இருக்கும் பாருங்க, நாத்தம் மேல ஏறாம இருக்க அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கியே நிக்கும், அந்தத் தண்ணியிலயும் குழாய் சுவத்துலயும் பாக்டீரியா வழுவழுன்னு ஒரு படலமா ஒட்டிக்கிட்டு வளரும், பயோஃபிலிம்னு சொல்வாங்க. ஐசியூ சிங்க்ல அது இன்னும் மோசம், ஆன்டிபயாட்டிக்குக்கு அசராத கிருமிங்க அங்கதான் வந்து சேருது.

2017ல அமெரிக்காவோட வர்ஜீனியா யூனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஆஸ்பத்திரில இருக்குற மாதிரியே சிங்க் வரிசையா கட்டி, பச்சையா ஒளிர்ற ஈ.கோலிங்கிற பாக்டீரியாவை அந்த வளைவுக்குள்ள விட்டாங்க. வெறுமனே குழாயைத் திறந்துவிட்டப்போ கிருமி வெளிய தெறிக்கல. ஆனா தீனி போட்டதும் படலம் நாளுக்குக் கிட்டத்தட்ட 2.5 செ.மீ. மேல ஏறி, ஒரே வாரத்துல சிங்க் ஓட்டை வாய்ல இருக்குற சல்லடை வரைக்கும் வந்துடுச்சு, அதுக்கப்புறம் தண்ணி விழுந்தப்பல்லாம் துளித்துளியா சிங்க்கைச் சுத்தி தெறிச்சிருக்கு. நீங்க ஊத்தப் போன ஜூஸ் அந்தத் தீனிதான். பால், காபி, குளுக்கோஸ் எல்லாமே அப்படித்தான்.

தெறிச்சா என்னன்னு கேப்பீங்க. 2004 கடைசில இருந்து 2006 வரைக்கும் கனடாவோட டொரண்டோ ஜெனரல் ஹாஸ்பிடல்ல 36 நோயாளிங்களுக்கு சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா ஒரே வகை பரவுச்சு, 12 பேர் சாவுல அந்தக் கிருமிக்குப் பங்கு இருந்ததா கண்டுபிடிச்சாங்க. சிங்க் ஓட்டைல ஒளிர்ற சாயத்தை ஊத்தி, குழாயைத் திறந்து பாத்தா, சாயம் ஒரு மீட்டர் தள்ளிப் போய் விழுந்திருக்கு. அந்த ஒரு மீட்டருக்குள்ள மருந்து கலக்குற இடமும் படுக்கையும் இருந்தா என்ன ஆகும்னு நினைச்சாலே எனக்குப் பதறுது.

அதனால மிச்சத்தை எங்க ஊத்தணும்னு நர்ஸ்கிட்டயே கேளுங்க, கழிவு கொட்ட தனி இடம் இருக்கும். அம்மாவோட டம்ளர், பிரஷ், டவல் எதையும் சிங்க் ஓரத்துல வைக்காதீங்க.

கேள்வி: அப்போ தினமும் ப்ளீச் ஊத்திட்டா போதாதா? இல்ல சிங்க்கையே எடுத்துடலாமே?

பதில்: ப்ளீச் ஓடிப் போயிடும்ங்க, படலத்தோட அடிவரைக்கும் இறங்காது, மேல இருக்குறது செத்தாலும் அடியில இருக்குறது திரும்ப வளந்துடும். டொரண்டோலயும் கிருமிநாசினி ஊத்திப் பாத்து பரவல் நிக்கல, தெறிக்காத மாதிரி சிங்க்கை மாத்திக் கட்டின பிறகுதான் நின்னுச்சு. எடுத்தே பாத்தவங்களும் இருக்காங்க, நெதர்லாந்துல நைமேகன் ஊர் ஐசியூல. தண்ணியில்லாம ஈரத் துணி வச்சே நோயாளிங்களைத் துடைச்சு பராமரிச்சாங்க, கிராம் நெகட்டிவ் கிருமி (ஈ.கோலி, சூடோமோனாஸ் எல்லாம் இந்த வகைதான்) நோயாளிங்க உடம்புல ஒட்டுறது, அவங்க ஐசியூல தங்கின 1000 நாளுக்கு 26.3ல இருந்து 21.6க்கு குறைஞ்சது, ரொம்ப நாள் தங்கினவங்களுக்குப் பலன் இன்னும் அதிகம். ஆனா எல்லா இடத்துலயும் எடுக்க முடியாது, வயித்துப்போக்கு உண்டாக்குற சி.டிஃபிசில் மாதிரி கிருமியோட ஸ்போர், அதாவது கெட்டி ஓடு போட்டுக்கிட்டு உறங்குற நிலை, சானிடைசருக்குச் சாகாது, அதுக்கு சோப்பும் தண்ணியும் போட்டுத்தான் கழுவணும். இதைப் படிச்சுட்டு பயந்து கை கழுவுறதை மட்டும் விட்டுடாதீங்க, ப்ளீஸ்.